ஹிட்லர் வருமுன்பே முடங்கிய நாடாளுமன்றம்: வைமர் குடியரசு வீழ்ந்த விதம்

1928 மே 20 அன்று நடந்த ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு, 12 இடங்கள். 1932 ஜூலையில் அதே கட்சி 37.3 சதவீதம் வாங்கி, 230 இடங்களோடு மிகப் பெரிய கட்சியானது. 1933 மார்ச்சில் நாடாளுமன்றம் தன் சட்டமியற்றும் உரிமையையே ஹிட்லரின் அமைச்சரவைக்கு எழுதிக்கொடுத்தது. ஐந்து ஆண்டுக்குள் இவ்வளவும் எப்படி நடந்தது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும்: முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிமீது சுமத்தப்பட்ட வெர்சாய் ஒப்பந்தம், 1923இன் பணவீக்கம், 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம்.

மூன்றும் உண்மையான சுமைகளே. ஆனால் மன்னராட்சி போய் 1918இல் பிறந்த வைமர் குடியரசு, வெர்சாயின் வலி கடுமையாக இருந்த முதல் நான்கைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 1923ஐயும் தாண்டியது. அந்த ஒரே ஆண்டில் ரூர் தொழிற்பகுதி பிரெஞ்சு, பெல்ஜியப் படைகளின் பிடியில் இருந்தது. மார்க் நாணயம் வெறும் காகிதமானது. மியூனிக்கில் ஆயுதக் கிளர்ச்சி நடந்தது. குடியரசு விழவில்லை. பெருமந்தம் அமெரிக்காவையும் ஏறத்தாழ அதே வேகத்தில் தாக்கியது. அங்கே தேர்தல்கள் தொடர்ந்தன. அப்படியானால் 1930க்கும் 1933க்கும் இடையே ஜெர்மனியில் மட்டும் நடந்தது என்ன? நாடாளுமன்றத்தை ஒதுக்கிவைத்து ஆள வேண்டும் என்று முடிவுசெய்த ஒரு சிறு வட்டம் குடியரசுத் தலைவரைச் சுற்றி உருவாகியிருந்தது. அதற்கு வேண்டிய கருவிகள் அரசமைப்புச் சட்டத்திலேயே கிடைத்தன. அந்த வட்டம் வேலையைத் தொடங்கியபோது ஹிட்லரிடம் இருந்தவை அந்த 12 இடங்கள்தாம். இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொண்டால் மீதிக் கதை முழுவதும் தவறாகிவிடும்.

மூன்று பிரிவுகளும் ஒரு கையில்

வைமர் நகரில் கூடிய தேசிய சபை எழுதிய அரசமைப்பு 1919 ஆகஸ்ட் 11 அன்று கையெழுத்தானது. பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலைநாளை ஏற்ற அரசு, விரிவான அடிப்படை உரிமைகள் என்று அக்காலத்தின் மிக முன்னேறிய ஜனநாயகங்களில் ஒன்றாக அது பிறந்தது. ஆட்சி நடத்தும் முறையில் மட்டும் அதில் ஓர் இரட்டைத்தன்மை இருந்தது. ஒருபுறம் ரைஷ்டாக் என்ற நாடாளுமன்றம். மறுபுறம் மக்கள் நேரடியாக ஏழு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவர். கட்சிகள் ஒத்துப்போகாத வேளையில் நாட்டைத் தாங்கிப்பிடிக்க ஒருவர் வேண்டும் என்பது எழுதியவர்களின் எண்ணம்.

அந்தத் தலைவரிடம் மூன்று பிரிவுகள் இருந்தன. பிரிவு 53: அரசின் தலைமை அமைச்சரான சான்சலரை நியமிப்பவரும் நீக்குபவரும் அவரே. பிரிவு 25: ரைஷ்டாக்கை அவர் கலைக்கலாம், ஒரே காரணத்துக்காக ஒருமுறைதான் கலைக்கலாம், 60 நாளுக்குள் புதிய தேர்தல் நடக்க வேண்டும். பிரிவு 48: பொது அமைதிக்குக் கடும் ஆபத்து வந்தால் அவசர ஆணைகள் பிறப்பிக்கலாம், படையை அழைக்கலாம், வீட்டின் பாதுகாப்பு, பேச்சு, கூட்டம் கூடுதல், சொத்து உள்ளிட்ட ஏழு அடிப்படை உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம்.

இவற்றுக்குக் கடிவாளமும் இருந்தது. 48இன்கீழ் எடுத்த எந்த நடவடிக்கையையும் உடனே ரைஷ்டாக்குக்குத் தெரிவிக்க வேண்டும். ரைஷ்டாக் கேட்டால் அது செல்லாது. பிரிவு 54இன்படி சான்சலருக்கு ரைஷ்டாக்கின் நம்பிக்கை தேவை. தனித்தனியாகப் படித்தால் எல்லாம் சமநிலையாகவே தெரியும். சேர்த்துப் படித்தால்தான் ஓட்டை தெரியும். தலைவர் தனக்குப் பிடித்த ஒருவரைச் சான்சலராக்குகிறார். அவருக்குப் பெரும்பான்மை இல்லை. மசோதா தோற்கிறது. தோற்ற மசோதாவே 48இன்கீழ் அவசர ஆணையாக வருகிறது. ரைஷ்டாக் அதை ரத்துசெய்கிறது. உடனே 25இன்கீழ் ரைஷ்டாக் கலைக்கப்படுகிறது. தேர்தல் முடியும்வரையான இரண்டு மாதத்தில் அதே ஆணை மறுபடி வெளியாகிறது. ரத்துசெய்யச் சபையே இல்லை. கடிவாளத்தைப் பிடிக்க வேண்டிய கையை, கடிவாளம் போடப்பட வேண்டியவரே வெட்டிவிட முடிந்தது.

48ஐப் பயன்படுத்தும் முறையைத் தனிச் சட்டம் ஒன்று வரையறுக்கும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருந்தார்கள். அந்தச் சட்டம் கடைசிவரை இயற்றப்படவில்லை. முதல் தலைவரான சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபிரெட்ரிஷ் ஏபர்ட் 48ஐ 136 முறை பயன்படுத்தினார். கிளர்ச்சிகளை அடக்கவும், 1923இல் நாணயத்தைக் காப்பாற்றவும் அவர் அதை எடுத்தார். நாடாளுமன்ற ஆட்சியைக் காக்கவே எடுத்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருளாதாரச் சட்டங்களைக்கூட ஆணையாகவே போடலாம் என்ற பழக்கம் அந்த ஆண்டுகளில்தான் வேரூன்றியது. 1949 ஆகஸ்டில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் நெருக்கடிநிலைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தபோது உறுப்பினர் எச்.வி. காமத் வைமர் அரசமைப்பைச் சுட்டிக்காட்டியே அவற்றை எதிர்த்தார்.

குற்றத்தை விகிதாசாரத் தேர்தல் முறைமீது போடுவோரும் உண்டு. 60,000 வாக்குக்கு ஓர் இடம், குறைந்தபட்ச வாக்கு விகிதம் என்ற வரம்பே கிடையாது. அதனால் உதிரிக் கட்சிகள் பெருகின, ஆட்சிகள் கவிழ்ந்தன என்பது வாதம். 1919 பிப்ரவரி முதல் 1933 ஜனவரி வரை 20 அமைச்சரவைகள் வந்துபோனது உண்மைதான். ஆனால் பிரஷ்யாவைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் மக்கள்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு அந்த ஒரே மாநிலத்தில் இருந்தது. அங்கேயும் விகிதாசார முறை; அதே கட்சிகள், அதே வாக்காளர்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ பிரவுன், கத்தோலிக்கர்களின் மையக் கட்சியோடும் இடதுசாரித் தாராளவாதிகளோடும் கூட்டணி அமைத்து, சிறு இடைவெளிகள் நீங்கலாக, 1920 முதல் 1932 வரை அங்கே ஆட்சி நடத்தினார். மாநிலத்தில் இல்லாத ஒன்று, நாடாளுமன்றத்துக்கு மேலே உட்கார்ந்து அவசர ஆணை போடும் தலைவர். கட்சிகள் சமரசம் செய்துகொள்ளாவிட்டால் ஆட்சியே இல்லை என்ற கட்டாயம் பிரஷ்யாவில் இருந்தது. பெர்லினில் இருந்த மத்திய அரசியலில் அந்தக் கட்டாயம் இல்லை. தொகுதிக்கு ஒருவர் என்ற முறை இருந்திருந்தால் 1932இல் நாஜிகளுக்கு இடங்கள் இன்னும் கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

காவலுக்கு நின்றவர்கள்

1918 நவம்பர் 9 அன்று குடியரசு அறிவிக்கப்பட்டது. மறுநாளே ஏபர்ட்டும் படைத்தலைமையின் வில்ஹெல்ம் குரோனரும் ஒரு புரிதலுக்கு வந்தார்கள்: இடதுசாரிப் புரட்சியைப் புதிய அரசு தடுக்கும், படை அரசை ஆதரிக்கும், அதிகாரிகளின் கட்டமைப்பில் அரசு கைவைக்காது. பட்டினியும் தோற்றுத் திரும்பும் படைகளுமாக இருந்த அந்த வாரத்தில் வேறு வழி குறைவு. ஆனாலும் விலை பெரிது. மன்னராட்சியின் படை, மன்னராட்சியின் நீதிபதிகள், மன்னராட்சியின் அதிகாரிகள் அப்படியே குடியரசுக்குள் வந்து அமர்ந்தார்கள்.

1920 மார்ச்சில் வலதுசாரி அரசியல்வாதி வோல்ஃப்காங் கப்பும் தளபதி லுட்விட்சும் பெர்லினைக் கைப்பற்றியபோது, கலகப் படைமீது சுட அரசின் படை மறுத்துவிட்டது. அரசைக் காப்பாற்றியது தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தம். சில நாளிலேயே கலகம் சுருண்டது. மூன்று மாதம் கழித்து வந்த தேர்தலில், குடியரசை உருவாக்கிய மூன்று கட்சிகளும், அதாவது சமூக ஜனநாயகர், மையக் கட்சி, இடதுசாரித் தாராளவாதிகள், பெரும்பான்மையை இழந்தன. 1919 ஜனவரியில் அவர்களிடம் நான்கில் மூன்று பங்கு வாக்கு இருந்தது. அந்தப் பெரும்பான்மை அதன்பின் ஒருபோதும் திரும்பவில்லை.

நீதிமன்றங்களைப் பற்றிப் புள்ளியியலாளர் எமில் யூலியுஸ் கும்பெல் 1922இல் திரட்டிய கணக்கு இன்றும் அதிரவைக்கிறது. 1919 முதல் நடந்த அரசியல் கொலைகளில் வலதுசாரிகள் செய்தவை 354, இடதுசாரிகள் செய்தவை 22. வலதுசாரிகளின் 354இல் 326 கொலைகளுக்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகள் பக்கம் பத்துப் பேருக்கு மரண தண்டனை. வலதுசாரிகள் பக்கம் ஒருவருக்கும் இல்லை. போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் 1921இலும் வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தேனாவ் 1922இலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

மியூனிக்கில் நடத்திய 1923 நவம்பர் கிளர்ச்சிக்கான ஹிட்லரின் வழக்கும் இதே வார்ப்புதான். நான்கு காவலர்கள் செத்த தேசத்துரோக வழக்கு. தண்டனை ஐந்து ஆண்டு. 1924 டிசம்பர் 20 அன்றே வெளியே வந்துவிட்டார். அப்போது அவர் ஆஸ்திரியக் குடிமகன். இப்படிப்பட்ட குற்றத்தில் தண்டிக்கப்பட்ட வெளிநாட்டவரை நாடுகடத்த வேண்டும் என்று குடியரசுப் பாதுகாப்புச் சட்டம் சொன்னது. ஜெர்மன் உணர்வு கொண்டவருக்கு, ஜெர்மன் படையில் போரிட்டவருக்கு அது பொருந்தாது என்று மியூனிக் நீதிமன்றம் அதை ஒதுக்கியது. அந்த ஒரு சட்டத்தை எழுதியபடி நிறைவேற்றியிருந்தால் போதும்.

சேமிப்பு போனவர்கள் எங்கே போனார்கள்

போருக்கு முன் ஒரு டாலர் 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலர் 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க். ரூரை ஆக்கிரமித்தவர்களோடு ஒத்துழைக்க மறுத்து வேலையை நிறுத்திய தொழிலாளருக்கு அரசு நோட்டு அச்சடித்துச் சம்பளம் கொடுத்ததே கடைசி உந்துதல். போர்ச் செலவை வரியால் அல்லாமல் கடன் பத்திரங்களால் சமாளித்த பழைய அரசின் கணக்குதான் மூலக் காரணம். நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது, அதன் மதிப்பு நிலைத்து நின்றது.

பணவீக்கம் நேரடியாக ஹிட்லரைக் கொண்டுவந்தது என்று சொல்வது காலக் கணக்கில் இடிக்கிறது. நடுவில் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. அது செய்த வேலை வேறு. கடன் வாங்கியவர் தப்பினார், கொடுத்தவர் மூழ்கினார். போர்க் கடன் பத்திரத்தில் நாட்டுப்பற்றோடு சேமிப்பைப் போட்ட ஆசிரியர், ஓய்வூதியர், விதவை ஆகியோருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 1925 ஜூலையில் வந்த மறுமதிப்பீட்டுச் சட்டம் அடமானக் கடன்களுக்கு அவற்றின் தங்க மதிப்பில் 25 சதவீதமும், அரசுப் பத்திரங்களுக்கு 2.5 சதவீதமும் கொடுத்தது. பறித்தது பணவீக்கம் என்றால், அந்தப் பறிப்பை நிரந்தரமாக்கியது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் என்றே சேமித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நடுத்தர வர்க்கத்தின் கட்சிகள் கரைந்தது இங்கிருந்துதான். இரண்டு தாராளவாதக் கட்சிகளும் சேர்ந்து 1919இல் 23 சதவீதம் வாங்கின. 1928இல் சுமார் 13.6, 1932 ஜூலையில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த வாக்காளர்கள் ஒரே தாவலில் நாஜிகளிடம் போகவில்லை. முதலில் கைவினைஞர், வீட்டு உரிமையாளர், விவசாயி, மறுமதிப்பீடு கேட்போர் என்று ஒவ்வொரு நலனுக்கும் ஒன்றாக முளைத்த சிறு கட்சிகளுக்குப் போனார்கள். அவற்றால் எதுவும் செய்ய முடியாது என்று கண்டபிறகே 1930இலும் 1932இலும் மொத்தமாக நகர்ந்தார்கள். 1928இன் அமைதியான முடிவுகளுக்குள்ளேயே இந்த நகர்வு தொடங்கிவிட்டது. நாஜிகளின் 2.6ஐ மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

வெர்சாய் ஒப்பந்தத்தின்படி ஜெர்மனி நேச நாடுகளுக்குக் கட்ட வேண்டிய போர் இழப்பீட்டுத் தொகையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். 1921இல் அறிவித்த 13,200 கோடி தங்க மார்க்கில் 8,200 கோடி பெயருக்கு எழுதிய பத்திரங்கள். அவை வசூலாகும் என்று நேச நாடுகளே நம்பவில்லை. கட்ட வேண்டியிருந்தது 5,000 கோடி. 1924க்குப் பிறகு அமெரிக்கக் கடன் வந்தது, அதிலிருந்து தவணை போனது. வெர்சாய் செய்த பெரிய கேடு மனத்தளத்தில். 1918 இலையுதிர்காலத்தில் போர்நிறுத்தம் கேட்கச் சொல்லி அரசை நெருக்கியது படைத்தலைமை. ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் அரசியல்வாதிகள். 1919 நவம்பரில் விசாரணைக் குழுமுன் வந்த, போர்க்காலப் படைத்தலைவர் ஹிண்டன்பர்க், படை முதுகில் குத்தப்பட்டது என்று சாட்சி சொன்னார். தோல்விக்குப் பொறுப்பானவர் பழியைக் குடியரசின் தலையில் இறக்கிவைத்தார்.

1925இல் ஏபர்ட் இறந்தபோது அதே ஹிண்டன்பர்க் குடியரசுத் தலைவரானார். அவருக்கு 1 கோடியே 46 லட்சம் வாக்கு. மையக் கட்சியின் வில்ஹெல்ம் மார்க்ஸுக்கு 1 கோடியே 37 லட்சம். கம்யூனிஸ்டுகள் தங்கள் வேட்பாளர் தெல்மானை விலக்காமல் 19 லட்சம் வாக்கைப் பிரித்தார்கள். பவேரியாவின் கத்தோலிக்கக் கட்சி, சமூக ஜனநாயகர் ஆதரித்த கத்தோலிக்கரான மார்க்ஸைக் கைவிட்டுப் புராட்டஸ்டண்ட் தளபதியை ஆதரித்தது. மூன்று பிரிவுகளும் மன்னராட்சியை விரும்பும் 77 வயதுக்காரரின் கைக்கு வந்தன.

1930 மார்ச்: கால் சதவீதச் சண்டை

1928 தேர்தலுக்குப்பின் சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மன் முல்லர் ஐந்து கட்சிகளைச் சேர்த்து ஆட்சி அமைத்தார். 1927இல் வந்த வேலையிழப்புக் காப்பீட்டின் நிதி சாதாரணமாகச் சுமார் 8 லட்சம் பேரைத் தாங்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1929-30 குளிர்காலத்தில் வேலையற்றோர் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். சந்தா ஏற்கெனவே 3 சதவீதத்திலிருந்து 3.5 ஆகியிருந்தது; அதை 4 ஆக்குவதா, உதவியைக் குறைப்பதா என்பது கேள்வி. முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதி கட்டுவதால், ஆளுக்குக் கால் சதவீதம். தொழிலதிபர்களின் கட்சி உயர்வை மறுத்தது. தொழிற்சங்கங்கள் குறைப்பை மறுத்தன. மார்ச் 27 அன்று முல்லர் பதவி விலகினார். பெரும்பான்மை ஆதரவோடு இருந்த கடைசி அரசு அதுதான்.

கால் சதவீதத்துக்காகவா ஜனநாயகத்தைக் கைவிட்டார்கள் என்று சமூக ஜனநாயகர்களைக் குறைகூறுவது வழக்கம். அந்தக் குறையில் நியாயம் உண்டு. சொந்தச் சான்சலரையே தொழிற்சங்க அணி கைவிட்டது. ஆனால் கதவுக்கு அப்பால் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படை அமைச்சகத்தின் குர்ட் ஃபான் ஷ்லைஹரும் தலைவர் அலுவலகத்தின் ஓட்டோ மைஸ்னரும் சமூக ஜனநாயகர் இல்லாத, ரைஷ்டாக்கைச் சாராத ஓர் அரசுக்கு 1929லேயே ஆள் பார்த்துவிட்டார்கள். மையக் கட்சியின் ஹைன்ரிஷ் புரூனிங்கோடு பேசியும் வைத்திருந்தார்கள். முல்லருக்கு 48ஐ ஹிண்டன்பர்க் தர மறுத்தார். சில நாளில் அதே அதிகாரம் புரூனிங்குக்குக் கிடைத்தது.

ஜூலை 16 அன்று புரூனிங்கின் நிதி மசோதா தோற்றது. அன்றே அவசர ஆணை. 18ஆம் தேதி ரைஷ்டாக் அதை ரத்துசெய்தது. அதே கூட்டத்தில் கலைப்பு ஆணையை வாசித்தார்கள். மேலே சொன்ன வரிசை ஒரு படிகூட மாறாமல் அரங்கேறியது. 1932 வரை தேவைப்படாத ஒரு தேர்தல், வேலையின்மை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் செப்டம்பர் 14 அன்று நடந்தது. நாஜிகள் 18.3 சதவீதம், 107 இடங்கள். இந்தத் தேர்தலை ஹிட்லர் கேட்டு வாங்கவில்லை. ஒரு வரவுசெலவுத் தகராறுக்காகக் குடியரசின் காவலர்களே அதைக் கொடுத்தார்கள்.

அதன்பின் ரைஷ்டாக் தேய்ந்த வேகத்தை எண்களே காட்டும். 1930இல் 98 சட்டங்கள், 5 அவசர ஆணைகள். 1931இல் 34 சட்டங்கள், 44 ஆணைகள். 1932இல் 5 சட்டங்கள், 66 ஆணைகள். கூடிய நாட்கள் 94, 42, 13. ஹிட்லர் வந்தால் இன்னும் மோசமாகும் என்று அஞ்சிய சமூக ஜனநாயகர்கள் ஆணைகளை எதிர்த்து வாக்களிக்காமல் பொறுத்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சி என்ற இடம் முழுவதும் நாஜிகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் கிடைத்துவிட்டது.

விலையைக் குறை, கூலியைக் குறை

புரூனிங்கின் மருந்து பணவாட்டம். அரசு ஊழியர் சம்பளம் ஓராண்டுக்குள் மூன்றுமுறை குறைந்தது. 1931 டிசம்பர் 8 ஆணை கூலியை 1927 ஜனவரி அளவுக்குப் பின்தள்ளியது. வாடகை, விலைகளும் ஆணையால் குறைக்கப்பட்டன. கடன் வாங்கிச் செலவிட வெளிநாட்டில் ஆளில்லை. நோட்டு அச்சடித்தால் 1923 திரும்பும் என்ற பயம். இழப்பீட்டுத் தவணைகளை வகுத்த யங் திட்டத்தின்படி மார்க்கின் தங்க மதிப்பைக் காக்கும் கடமை. இவை உண்மையான தடைகள். கூடவே, கட்ட முடியாது என்று காட்டி இழப்பீட்டை ஒழிக்கும் நோக்கமும் இருந்தது. 1932 ஜூலையில் லோசான் மாநாட்டில் இழப்பீடு ஏறத்தாழ ஒழிந்தது. அப்போது புரூனிங் பதவியில் இல்லை. இடையில் 1931 ஜூலை 13 அன்று டனாட் வங்கி மூடியது, நாட்டின் வங்கிகளே கதவடைத்தன. 1932 பிப்ரவரியில் பதிவான வேலையற்றோர் 61 லட்சத்து 28 ஆயிரம்.

வேலையற்றோர்தாம் ஹிட்லருக்கு வாக்களித்தார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். தொழில் நகரங்களின் வேலையற்ற தொழிலாளர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளின் பக்கம் போனார்கள். நாஜி வாக்கு குவிந்தது புராட்டஸ்டண்ட் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும்: கடனில் மூழ்கிய விவசாயி, கடைக்காரர், கைவினைஞர், சம்பளம் வெட்டப்பட்ட ஊழியர். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் நாஜிகளுக்கு 1928இல் 4 சதவீதம், 1930இல் 27, 1932 ஜூலையில் 51. அதே ஜூலையில் கத்தோலிக்கக் கொலோன்-ஆகன் வட்டாரத்தில் 20 சதவீதத்தை ஒட்டியே நின்றது. வருமானத்தைவிடத் தேவாலயமும் சங்கமும் கட்சியும் சேர்ந்து தந்த பிடிமானமே இந்த வேறுபாட்டை விளக்குகிறது. கத்தோலிக்கருக்கும் சங்கத் தொழிலாளருக்கும் அது இருந்தது. தாராளவாதக் கட்சிகள் கரைந்தபின் புராட்டஸ்டண்ட் நடுத்தர மக்களுக்கு இல்லை.

கவிழ்க்க முடியும், அமைக்க முடியாது

1932 ஏப்ரலில் ஹிண்டன்பர்க் 53 சதவீதம் வாங்கி மறுபடி தலைவரானார். ஹிட்லருக்கு 36.8. அவரைத் தடுக்க வேறு ஆளில்லாமல் சமூக ஜனநாயகர்கள் கிழட்டு மன்னராட்சிக்காரருக்கு வாக்குக் கேட்டு வீடுவீடாக நடந்தார்கள். அந்த வெற்றியை வாங்கிக்கொடுத்த புரூனிங் மே 30 அன்று நீக்கப்பட்டார். எல்ப ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலப்பிரபுக்களின் திவாலான பண்ணைகளில் வேலையற்றோரைக் குடியமர்த்தும் திட்டம் ஹிண்டன்பர்க்கின் நண்பர்களைக் கொதிக்கவைத்திருந்தது. ஷ்லைஹரோ நாஜிகளைப் பழக்கி வசப்படுத்தலாம் என்று கணக்குப் போட்டார்.

அடுத்து வந்த ஃபிரான்ஸ் ஃபான் பாப்பனுக்கு ரைஷ்டாக்கில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. நாஜிகளின் சகிப்பை வாங்க அவர் அவர்களின் அதிரடிப் படையான எஸ்.ஏ. மீதிருந்த தடையை நீக்கினார். தெருக்கள் ரத்தக்களமாயின. ஜூலை 17 அன்று ஹாம்பர்க் அருகே ஆல்டோனாவில் 18 பேர் செத்தார்கள். அதையே சாக்காக வைத்து 20ஆம் தேதி 48இன்கீழ் பிரஷ்யாவின் பிரவுன் அரசைப் பாப்பன் நீக்கினார். ஏப்ரல் மாநிலத் தேர்தலில் பெரும்பான்மை இழந்து அது காபந்து அரசாகவே இருந்தது. குடியரசின் கடைசிக் கோட்டையும் அதன் பெரிய காவல்துறையும் ஒரு பகலில் கைமாறின. சமூக ஜனநாயகர்கள் நீதிமன்றம் போனார்கள், வேலைநிறுத்தம் அழைக்கவில்லை. 60 லட்சம் பேர் வேலை தேடும் நாளில் வேலைநிறுத்தம் நிற்காது, படையை எதிர்த்துக் காவலர் சுடமாட்டார் என்ற அவர்களின் கணக்கு தவறென்று சொல்வது கடினம். ஆனால் அன்றைய அமைதியிலிருந்து எதிரிகள் பாடம் படித்துக்கொண்டார்கள்.

ஜூலை 31 தேர்தலில் 608 இடங்களில் நாஜிகள் 230, கம்யூனிஸ்டுகள் 89. சேர்த்து 319, பாதிக்கு மேல். இருவரும் சேர்ந்து எந்த அரசையும் கவிழ்க்கலாம். சேர்ந்து ஓர் அரசை அமைக்க ஒருநாளும் முடியாது. செப்டம்பர் 12 அன்று பாப்பனுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 512க்கு 42 என்று நிறைவேறியது. சமூக ஜனநாயகரும் கம்யூனிஸ்டுகளும் ஒன்றுபட்டிருந்தால் என்று கேட்பதுண்டு. நவம்பர் 6 தேர்தலில் அவர்களுக்குச் சேர்த்து 221 இடம், நாஜிகளுக்கு 196. ஆனால் 1919 ஜனவரியில் கம்யூனிஸ்டுத் தலைவர்கள் ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்க்னெஹ்டும் சமூக ஜனநாயக அரசு அழைத்த படையினரின் கையில் கொல்லப்பட்டதிலிருந்து நடுவே ரத்தம் ஓடியிருந்தது. சமூக ஜனநாயகமே முதல் எதிரி என்ற மாஸ்கோவின் கட்டளைப்படி, 1931இல் பிரவுன் அரசைக் கலைக்க வலதுசாரிகள் கொண்டுவந்த மக்கள் வாக்கெடுப்பை கம்யூனிஸ்டுகள் ஆதரித்தார்கள். அந்தப் பெருங்குற்றத்துக்கு மன்னிப்பே கிடையாது.

நவம்பரில் நாஜிகள் 20 லட்சம் வாக்கு இழந்தார்கள். கட்சியின் பணப்பெட்டி காலி. டிசம்பரில் கட்சி அமைப்பை நடத்திவந்த கிரெகோர் ஸ்ட்ராசர் கட்சிப் பொறுப்புகளை உதறினார். சரிந்துகொண்டிருந்த அலையைத் தூக்கி நிறுத்தியது ஒரு தனிப்பட்ட பகை. தன்னை வீழ்த்திச் சான்சலரான ஷ்லைஹரைப் பழிவாங்க, 1933 ஜனவரி 4 அன்று கொலோனில் வங்கியாளர் குர்ட் ஃபான் ஷ்ரோடரின் வீட்டில் பாப்பன் ஹிட்லரைச் சந்தித்தார். ஜனவரி 22 அன்று பெர்லினின் டாலெமில் நாஜிக் கட்சிக்காரரான ரிப்பன்ட்ராப்பின் வீட்டில் நடந்த சந்திப்பில் தலைவரின் மகன் ஓஸ்கரும் மைஸ்னரும் வந்து சேர்ந்தார்கள். ரைஷ்டாக்கைக் கலைத்து 60 நாள் வரம்பைத் தாண்டித் தேர்தலைத் தள்ளிப்போட ஷ்லைஹர் கேட்டார்; ஹிண்டன்பர்க் மறுத்தார். 30ஆம் தேதி ஹிட்லர் சான்சலர். அமைச்சரவையில் நாஜிகள் மூவர் மட்டும்: ஹிட்லர், ஃபிரிக், கோரிங். மற்ற பழமைவாதிகள் அவர்களைச் சூழ்ந்து அடக்கிவிடுவார்கள் என்பது பாப்பனின் கணக்கு. ஆனால் ஃபிரிக்குக்கு நாட்டின் உள்துறை, கோரிங்குக்குப் பிரஷ்யாவின் உள்துறை. ஆறு மாதம் முன் பாப்பனே பறித்துவைத்த பிரஷ்யக் காவல்துறை இப்படித்தான் நாஜிகளின் கைக்குப் போனது.

பிப்ரவரி 27 இரவு ரைஷ்டாக் கட்டடம் எரிந்தது. மறுநாள் 48இன்கீழ் ஏழு அடிப்படை உரிமைகளும் நிறுத்தப்பட்டன. எஸ்.ஏ. ஆட்கள் துணைக் காவலராகத் திரிந்த மார்ச் 5 தேர்தலிலும் நாஜிகளுக்கு 43.9 சதவீதம்தான். 647இல் 288 இடம். கூட்டாளித் தேசியவாதிகளோடு 340. சட்டமியற்றும் உரிமையை அமைச்சரவைக்குக் கொடுக்கும் அதிகாரமளிப்புச் சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 81 கம்யூனிஸ்டு உறுப்பினர்களை எண்ணாமல் விட்டாலும் 378 வேண்டும். எப்படிக் கூட்டினாலும் 340 போதாது. மையக் கட்சி வாக்களித்தது. திருச்சபை உரிமைகள் பற்றி வாய்மொழி உறுதியும், எழுத்தில் வரும் என்று சொல்லி வராத ஒரு கடிதமுமே அதற்குக் கிடைத்த விலை. மார்ச் 23 அன்று க்ரோல் ஓபரா அரங்கில், நாஜிப் படையினர் சூழ நின்ற சபையில், 444க்கு 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகர்கள். அவர்களின் 26 உறுப்பினர்கள் அதற்குள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். அவர்களின் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து பேசினார். அந்தச் சபையில் எதிர்க்கட்சியின் கடைசிப் பேச்சு அது.

1949இல் திருத்தி எழுதியவை

வைமர் அரசமைப்பை நாஜிகள் முறைப்படி ரத்துசெய்யவே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அரசமைப்பின் வரிகளைத் திருத்தாமலேயே அதற்கு மாறான சட்டம் போடலாம் என்ற அன்றைய நடைமுறை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 1949இல் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தை எழுதியவர்களில் பலர் வைமர் காலத்தை நேரில் கண்டவர்கள். வரிகளை வெளிப்படையாகத் திருத்தாமல் அரசமைப்பை மாற்ற முடியாது என்று பிரிவு 79இல் எழுதினார்கள். குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவரிடம் அவசர ஆணை அதிகாரமும் இல்லை. இடம் பெறக் கட்சிகளுக்கு வேண்டிய, பலரும் பெரிதாகப் பேசும் 5 சதவீத வாக்கு வரம்பைவிட முக்கியமானது பிரிவு 67: அடுத்த சான்சலரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால் மட்டுமே இருப்பவரை நாடாளுமன்றம் நீக்க முடியும். 1972 ஏப்ரலில் வில்லி பிராண்டுக்கு எதிராக அதை முயன்றபோது இரண்டு வாக்கு குறைந்தது. அவர் பதவியில் தொடர்ந்தார். 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மிட் நீங்கியதும் ஹெல்முட் கோல் சான்சலரானதும் ஒரே வாக்கெடுப்பில் நடந்தன.